படம் எங்கே தொங்குகிறது? கலை, அதிகாரம், எதிர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சுவரொட்டி, நாடகம் என்று பேச்சு வரும்போதெல்லாம் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் என்ன வரைந்திருக்கிறது என்று பார்ப்பதோடு, அது எங்கே வைக்கப்பட்டது, யார் பணம் கொடுத்தார்கள், யாரால் அதை அகற்ற முடிந்தது என்றும் கேட்டால்தான் அதன் அரசியல் முழுதாகப் பிடிபடும் என்பது என் எண்ணம்.

எல்லாக் கலையும் அரசியல்தானா?

இல்லை. ஒரு பூ ஜாடியை வரைந்தவர் பூ ஜாடியைத்தான் வரைந்தார். ஆனால் அதே ஜாடியை ஓர் அரசு அருங்காட்சியகத்தில் மாட்டி, இன்னொருவர் வரைந்ததை நிலவறையில் போட்டுப் பூட்டினால், அங்கே அரசியல் நுழைந்துவிட்டது. வரைந்தவர் நினைக்காத அர்த்தத்தை வைத்த இடம் கொடுத்துவிடும்.

ஆட்சியில் இருப்பவர்கள் கலையை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

எதிர்ப்புக் கலையைவிட இதற்கு வயது அதிகம். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 14இல் இறக்கும்போது அவருக்கு ஏறக்குறைய 76 வயது. ஆனால் பேரரசு முழுக்க நிறுத்தப்பட்ட அவருடைய சிலைகளில் அவர் கடைசிவரை இளைஞர்தான். தலைநகரைப் பார்த்தே இராத ஒரு மாகாணவாசிக்கு அந்த முகம்தான் அரசு. அந்த முகத்துக்கு வயதாகவே இல்லை என்றால் இந்த ஆட்சிக்கும் முடிவில்லை என்று அவர் நினைத்துக்கொள்வார். அதற்காகத்தான் அத்தனை சிலைகள்.

நெப்போலியன் 1800இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது ஒரு கோவேறு கழுதையின் மேல் உட்கார்ந்து. ஜாக் லூயி டாவிட் வரைந்த படத்திலோ முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் போர்க்குதிரை, காற்றில் பறக்கும் மேலங்கி. கீழே பாறையில் நெப்போலியன் பெயருக்குப் பக்கத்தில் ஹானிபால், சார்லமேன் பெயர்களும் செதுக்கியதுபோல் எழுதப்பட்டிருக்கும். முன்பு அந்த மலையைத் தாண்டிய மாவீரர்கள் அவர்கள். இதே படத்தை 1801 முதல் 1805 வரை ஐந்து முறை வரைந்தார்கள். ஒன்று போதாது, பல அரண்மனைகளில் தொங்க வேண்டும். சுமார் ஐம்பது ஆண்டுகள் கழித்து பால் டெலாரோஷ் என்ற இன்னொரு பிரெஞ்சு ஓவியர் குளிரில் ஒடுங்கிய நெப்போலியனைக் கழுதை மேலேயே வரைந்தார். நம் நினைவில் நிற்பது முதல் படம்தான். ஒரு படத்தைப் பொய் என்று நிரூபித்துவிட்டால் அதன் வேலை நின்றுவிடும் என்று நினைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரச்சாரத்துக்கும் எதிர்ப்புக் கலைக்கும் என்ன வித்தியாசம்? இரண்டும் நம்மை இழுக்கத்தானே பார்க்கின்றன?

கருவிகள் ஒன்றேதான். பெரிய முகம், இரண்டே நிறம், ஒரு வரி, நேராக நம்மை நோக்கி நீளும் கை. 1914இல் பிரிட்டனிலும் 1917இல் அமெரிக்காவிலும் ராணுவத்துக்கு ஆள் சேர்த்த சுவரொட்டிகள் அப்படித்தான் இருந்தன. ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் 1924இல் ‘இனி ஒருபோதும் போர் வேண்டாம்’ என்று வரைந்த சுவரொட்டியிலும் உயர்த்திய ஒரு கை, பெரிய எழுத்து, திறந்த வாய். அவருடைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில், முதல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களிலேயே போர்க்களத்தில் இறந்தவன். பதினெட்டு வயது. ஆள் சேர்க்கும் கை ஒரு மகனைக் கேட்டது. மகனைக் கொடுத்துவிட்ட தாயின் படத்தில் அந்தக் கை மேலே உயர்ந்து மறுத்தது.

நான் வித்தியாசத்தை வேறு இடத்தில் தேடுவேன். இந்தப் படத்துக்கு எதிராக இன்னொரு படத்தை அதே தெருவில் ஒட்ட முடியுமா? ஒட்டினால் ஒட்டியவருக்கு என்ன ஆகும்? ஒட்டியவர் மறுநாளும் வீட்டில் இருந்தால் அங்கே ஒரு விவாதம் நடக்கிறது. ஒரு தரப்பின் படம் மட்டுமே சுவரில் இருக்க முடிகிறது என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பிரச்சாரம்தான்.

நல்ல நோக்கத்துக்கான பிரச்சாரமும் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்காக, காந்தி கேட்டுக்கொண்டபடி நந்தலால் போஸ் வரைந்த படங்கள் ஒரு கட்சியின் விழாவை அலங்கரித்தவைதான். ஆனால் அவற்றில் தலைவர்கள் இல்லை. பறையடிப்பவர், தச்சர், பால் கடைபவர், உழவர் என்று மாநாட்டுக்கு வந்தவர்கள் தங்களையே பந்தலில் பார்த்தார்கள். சுதந்திரம் யாருக்கு என்று ஒரு வார்த்தை பேசாமலே சொல்லிவிட்டார் போஸ்.

அரசுகள் ஏன் எழுத்தைவிடப் படத்துக்கு அதிகமாகப் பயப்படுகின்றன?

படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரியும் என்பது ஒரு காரணம். சிரிப்பை யாராலும் திரும்பப் பெற முடியாது என்பது இன்னொன்று.

1831இல் பிரான்சில் ஷார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகையாசிரியர் மீது அரசரைக் கேலிச்சித்திரத்தில் அவமதித்ததாக வழக்கு. நீதிமன்றத்தில் அவர் நான்கு படங்கள் வரைந்து காட்டினார். முதலில் அரசர் லூயி பிலிப்பின் முகம், அடுத்ததில் கன்னம் கொஞ்சம் தொங்குகிறது, அதற்கடுத்து இன்னும் கொஞ்சம், கடைசியில் அது ஒரு பேரிக்காய். எந்தப் படத்தில் குற்றம் தொடங்குகிறது என்பது அவர் கேள்வி. தண்டனை கிடைத்தது, ஆனால் பேரிக்காய் பாரிஸ் சுவர்கள் முழுவதும் பரவிவிட்டது. சிறுவர்கள்கூட இரண்டு கோட்டில் அரசரை வரைந்தார்கள். அதே காலத்தில் ஓனரே டோமியே, ஏழைகளின் காசையெல்லாம் கூடை கூடையாக விழுங்கும் ராட்சதனாக அரசரைக் கல்லச்சில் வரைந்தார். ஆறு மாதச் சிறை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1835ஆம் ஆண்டுச் சட்டம். அரசரைக் கொல்ல முயற்சி நடந்த பிறகு பிரான்சில் பத்திரிகைச் சட்டங்களைக் கடுமையாக்கினார்கள். அப்போது எழுத்தை அச்சிட முன் அனுமதி தேவையில்லை. படத்தை அச்சிட மட்டும் முன் அனுமதி கட்டாயம். எழுத்து கருத்து, படம் செயல் என்பது அரசு சொன்ன நியாயம். கலைக்கு வலிமை உண்டா என்று சந்தேகப்படுபவர்கள் கவிஞர்களிடம் கேட்க வேண்டாம். தணிக்கை அதிகாரிகளின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் போதும்.

1943 வங்கப் பஞ்சத்திலும் இதே கதை நடந்தது. ஓவியர் சித்தப்ரசாத் வங்கத்தின் மிதினாபூர் பகுதியில் ஊர் ஊராக நடந்து, பட்டினியில் கிடந்தவர்களை மையில் வரைந்து, ஊர்ப் பெயர்களோடு ஒரு சிறு நூலாக வெளியிட்டார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பஞ்சத்தைப் பற்றிய புள்ளிவிவரங்களோடு அரசால் வாதாட முடியும். விலா எலும்பு தெரியக் கிடக்கும் ஒருவரின் ஊர்ப் பெயரோடு வாதாட முடியாது.

பிக்காசோவின் கெர்னிகா ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில், 1937 ஏப்ரல் 26 அன்று, பாஸ்க் பகுதியின் கெர்னிகா என்ற சிறிய ஊரின் மேல் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு வீசின. தளபதி ஃபிராங்கோவின் பக்கம் நின்று வீசிய குண்டுகள். ஸ்பெயினின் குடியரசு அரசு அந்த ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் தன் அரங்குக்காகப் பிக்காசோவிடம் ஏற்கெனவே ஒரு படம் கேட்டிருந்தது. என்ன வரைவது என்று தெரியாமல் இருந்தவர், செய்தி வந்ததும் சுமார் ஐந்து வாரத்தில் இதை முடித்தார். ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், எட்டு மீட்டருக்குச் சற்றே குறைவான அகலம், கறுப்பு வெள்ளை சாம்பல் மட்டும்.

படத்தில் விமானம் இல்லை. குண்டு இல்லை, ஸ்வஸ்திகா இல்லை, ஃபிராங்கோ இல்லை. இறந்த குழந்தையோடு கத்தும் தாய், நெளியும் குதிரை, ஒரு காளை, உடைந்த வாள், ஒரு மின்விளக்கு. அன்றைக்குச் சில இடதுசாரி நண்பர்களே இதைக் குறையாகச் சொன்னார்கள்: எதிரி யார் என்றே தெரியவில்லையே! இன்று அதுவே அதன் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்த ஊர் மேல் குண்டு விழுந்தாலும் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடிகிறது.

ஆனால் இந்தப் படம் வெறுமனே தொங்கிக்கொண்டிருக்கவில்லை, உழைத்தது. ஸ்பெயின் அகதிகளுக்குப் பணம் திரட்டிக்கொண்டு பயணம் போனது. 1939 ஜனவரியில் லண்டனின் வொயிட்சேப்பல் அரங்கில் அதைப் பார்க்க நுழைவுக் கட்டணம், போரிடும் வீரர்கள் போட்டுக்கொள்ளக்கூடிய நிலையில் ஒரு ஜோடி பூட்ஸ். தொழிலாளர்கள் கழற்றிக் கொடுத்த பூட்ஸ்கள் படத்துக்குக் கீழே வரிசையாகக் குவிந்தன. அந்தப் பூட்ஸ்கள் படத்தோடு சேர்ந்த இன்னொரு படைப்பு என்றே நான் நினைக்கிறேன்.

பிறகு 1970இல், வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்க ராணுவம் நடத்திய படுகொலையைக் கண்டித்து, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கெர்னிகாவின் முன்னாலேயே கொல்லப்பட்ட குழந்தைகளின் புகைப்படச் சுவரொட்டியைப் பிடித்துக்கொண்டு கலைஞர்கள் நின்றார்கள். 2003 பிப்ரவரியில், ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு வெளியே தொங்கிய கெர்னிகாவின் நெசவுப் பிரதியை நீலத் திரை போட்டு மூடினார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் இராக் மீதான போருக்கு ஆதரவு கேட்டுப் பேச வந்த வாரம் அது. தொலைக்காட்சிக்குப் பின்னணி சரியாக அமைய வேண்டும் என்றார்கள். 66 வயதான ஒரு படத்தின் பிரதியை மறைத்துவிட்டுத்தான் போரைப் பற்றிப் பேச முடிந்தது.

சர்வாதிகாரிகள் கலையைத் தடை செய்வதோடு நிறுத்திக்கொள்வார்களா?

நிறுத்துவதில்லை. தடை செய்ததையே காட்சிக்கும் வைப்பார்கள். 1937 ஜூலையில் நாஜி அரசு மியூனிக்கில் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு கண்காட்சிகளைத் திறந்தது. ஒன்று ‘மாபெரும் ஜெர்மன் கலை’. அதற்கென்றே கட்டிய பெரிய தூண் மண்டபத்தில் கட்டுமஸ்தான உடல்கள், உழவர் குடும்பங்கள். இன்னொன்று ‘சீரழிந்த கலை’. ஜெர்மன் அருங்காட்சியகங்களிலிருந்து பிடுங்கிய சுமார் 650 படைப்புகளை நெருக்கமான அறைகளில் கோணலாகத் தொங்கவிட்டு, சுவரிலேயே வசை எழுதி, வாங்கிய விலையையும் எழுதி வைத்தார்கள். உங்கள் வரிப்பணம் இதற்குத்தான் போயிற்று என்று கோபமூட்டுவது நோக்கம். இரண்டாவதற்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள், முதலாவதற்கு அதைவிட மிகக் குறைவு. வந்தவர்களில் எத்தனை பேர் காறித் துப்ப வந்தார்கள், எத்தனை பேர் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ள வந்தார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

அதில் எமில் நோல்டேயின் படங்களும் இருந்தன. அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினர், உண்மையான விசுவாசி. அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

சரி, அந்தத் தூண் மண்டபம் என்ன ஆனது? இன்னும் நிற்கிறது. 2009இல் சீனக் கலைஞர் அய் வெய்வெய் அதன் முகப்பு முழுவதையும் 9,000 பள்ளிப் பைகளால் மூடினார். 2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் மோசமாகக் கட்டப்பட்ட பள்ளிக் கட்டடங்கள் இடிந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அரசு வெளியிடாதபோது, அவர் தன்னார்வலர்களை அனுப்பி வீடு வீடாகக் கேட்டு ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் சேர்த்தார். நிறம் நிறமான அந்தப் பைகள் சீன எழுத்தில் ஒரு வாக்கியமாக நின்றன. மகளை இழந்த ஒரு தாய் சொன்னது அது: இந்த உலகில் அவள் ஏழு ஆண்டுகள் மகிழ்ச்சியாக வாழ்ந்தாள். பொய்யான வீரர்களைக் காட்டுவதற்கென்று கட்டிய சுவரில் ஒரு குழந்தையின் ஏழு ஆண்டுகள் எழுதப்பட்டன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜனநாயக நாடுகளில் இந்தத் தொல்லை இல்லைதானே?

சிறை குறைவு. பணமும் அனுமதியும் வேறு விதமாக வேலை செய்கின்றன. 1933இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் மையத்தில் மெக்சிகோ ஓவியர் டியேகோ ரிவேரா பெரிய சுவரோவியம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். அதில் லெனின் முகத்தைச் சேர்த்தார். எடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். பேசிய தொகையை முழுதாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, படத்தைத் திரையால் மூடி, 1934 பிப்ரவரியில் சுவரோடு உடைத்துவிட்டார்கள். அதே ஆண்டில் ரிவேரா மெக்சிகோ நகரத்தின் நுண்கலை மாளிகையில் அதை மீண்டும் வரைந்தார். லெனின் இருந்தார், இந்த முறை ராக்பெல்லரும் மதுக்கோப்பையோடு இடம்பெற்றார்.

பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா நவீன ஓவியத்தையே தன் சுதந்திரத்துக்குச் சான்றாக வெளிநாடுகளுக்கு அனுப்பியது. 1946இல் வெளியுறவுத் துறை 79 ஓவியங்கள் வாங்கிச் சுற்றுக்கு அனுப்பியபோது, உள்நாட்டில் நாடாளுமன்ற உறுப்பினர்களே கூச்சலிட்டார்கள். 1947இல் கண்காட்சியைத் திரும்ப அழைத்து, மறு ஆண்டு படங்களை உபரிப் பொருட்களாக விற்றார்கள். அப்புறம் வெளிப்படையாகச் செய்ய முடியாததில் கொஞ்சத்தை மறைமுகமாகச் செய்தார்கள். 1950இல் தொடங்கிய பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான மாநாடு என்ற அமைப்பு பல நாடுகளில் இதழ்களும் கண்காட்சிகளும் நடத்தியது. அதற்குப் பணம் சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது என்பது 1966, 67இல் வெளியானது. அந்த இதழ்களில் எழுதிய பலருக்கு அது தெரியாது. அதனாலேயே அவர்கள் எழுதியதெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஆனாலும் யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியை விடக்கூடாது.

கலைஞர்கள் அல்லாதவர்கள் செய்வதும் எதிர்ப்புக் கலைதானா?

என் மனதுக்கு மிக நெருக்கமானவை அவர்கள் செய்தவைதான்.

அர்ஜென்டினாவில் 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றது. காணாமல் போனவர்களின் எண்ணிக்கை 30,000 என்கின்றன மனித உரிமை அமைப்புகள். 1977 ஏப்ரல் 30 அன்று புவனோஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் பதினான்கு தாய்மார்கள் கூடினார்கள். கும்பலாக நிற்கக்கூடாது, நடங்கள் என்றது காவல்துறை. நடந்தார்கள். சுற்றிச் சுற்றி, வியாழன்தோறும், பல ஆண்டுகள். ஒருவரையொருவர் அடையாளம் காணத் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். முதலில் கட்டியது, பிள்ளைகளுக்குக் குழந்தையில் கட்டிய இடுப்புத் துணி.

1983 செப்டம்பர் 21 அன்று மூன்று கலைஞர்கள் ஒரு யோசனையோடு அவர்களிடம் வந்தார்கள். சதுக்கத்துக்கு வந்தவர்கள் தரையில் விரித்த காகிதத்தின் மேல் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் உடலைச் சுற்றிக் கோடு போட்டார்கள். காணாமல் போன ஒருவருக்குத் தன் உடலைக் கொஞ்ச நேரம் இரவல் கொடுப்பதுபோல. தாய்மார்கள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்கள். உருவங்களைத் தரையில் ஒட்டக்கூடாது, நிற்பதுபோல் சுவரில் ஒட்ட வேண்டும். படுத்திருந்தால் பிணம். தங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்பவர்கள் பிணத்தை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் ஊரே வெற்று உருவங்களின் பார்வையில் இருந்தது. எந்தக் கலைப் பள்ளியும் சொல்லித் தராத முடிவு அது, அந்த ஒரு நிபந்தனை.

சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, கணவரையும் பிள்ளையையும் இழந்த பெண்கள் சாக்குத் துணியில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். கைது, பட்டினி, பொதுச் சமையல், சிறைவாசல். சிலர் காணாமல் போனவரின் சட்டையிலிருந்தே துண்டு வெட்டினார்கள். தேவாலய அமைப்பு ஒன்று அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்பி விற்றது. பெண்களின் தையல்தானே என்று ஆட்சியாளர்கள் முதலில் கவனிக்கவில்லை. அந்த அலட்சியமே அவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்தது.

அமெரிக்காவில் 1987 அக்டோபர் 11 அன்று எய்ட்ஸில் இறந்தவர்களுக்காகத் தைத்த 1,920 துணிப் பலகங்களை வாஷிங்டனின் நடுத் திடலில் விரித்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. அரசு பேசத் தயங்கிய ஒரு நோயின் இடுகாட்டை அரசின் வாசலிலேயே விரித்துவிட்டார்கள்.

இதெல்லாம் எதையாவது மாற்றியதா? நேர்மையாகச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் ஒரு படைப்பு தனியாக எதையும் மாற்றுவதில்லை. கெர்னிகா எந்தக் குண்டையும் தடுக்கவில்லை. கொரில்லா கேர்ள்ஸ் என்ற பெண் கலைஞர் குழு 1989இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்து எண்ணிப் பார்த்தது: நவீனக் கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாணப் படங்களில் 85 சதவீதம் பெண்கள். அதைச் சுவரொட்டியாக்கினார்கள், உலகப் புகழ் பெற்றது. 2012இல் மறுபடி எண்ணியபோது பெண் கலைஞர்கள் 4 சதவீதத்துக்கும் குறைவு.

ஆனால் மாறிய இடங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால் படைப்போடு சேர்ந்து ஒரு குறிப்பான கோரிக்கையும் விடாப்பிடியும் இருந்திருக்கின்றன. புகைப்படக் கலைஞர் நேன் கோல்டின், ஆக்சிகான்டின் என்ற வலிநிவாரணிக்கு அடிமையாகி மீண்டவர். அந்த மருந்தை விற்ற பர்டியூ நிறுவனத்தின் உரிமையாளர்களான சாக்லர் குடும்பத்தின் பெயர் உலகின் பெரிய அருங்காட்சியகங்களின் சுவர்களில் இருந்தது. 2018 மார்ச்சில் அவரும் தோழர்களும் மெட்ரோபாலிட்டனின் சாக்லர் பகுதியில் உள்ள நீர்த்தொட்டிக்குள் மருந்துக் குப்பிகளை வீசிவிட்டுத் தரையில் பிணம்போல் படுத்தார்கள். கோரிக்கை எளிமையானது: பெயரை எடுங்கள், பணத்தை வாங்காதீர்கள். 2019இல் லூவர் எடுத்தது, 2021 டிசம்பரில் மெட்ரோபாலிட்டனும் எடுத்தது. அவருடைய படங்கள் அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் இருந்தன என்பதும் இதற்கு உதவியது. அவரை வெளியாள் என்று தள்ள முடியவில்லை.

பிரேசிலின் அகுஸ்தோ போவால் இன்னும் நேராகப் போனார். அவருடைய நாடகத்தில் பார்வையாளர் நடுவில் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, ஒடுக்கப்படும் பாத்திரமாகத் தானே நடித்து வேறு முடிவைத் தேடலாம். 1971இல் ராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது, நாடு கடந்து வாழ்ந்தார். திரும்பி வந்து 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோவின் நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் நாடகமாக நடித்துக் காட்டிய பிரச்சினைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. மேடையில் எழுந்த யோசனை அரசிதழ் வரை போனது.

அவ்வளவு ஆபத்தானதா இது?

ஆம். 1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகில் சாகிபாபாத்தில் ஒரு தொழிலாளர் குடியிருப்பில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். வயது 34. பார்க்க வந்த ஒரு தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார்கள்.

நிறவெறி ஆட்சிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்கக் கலைஞர்கள் பக்கத்து நாடான போட்ஸ்வானாவில் மேடு என்ற குழுவாக இயங்கிச் சுவரொட்டிகளை எல்லை தாண்டிக் கடத்தினார்கள். 1985 ஜூன் 14 அன்று தென்னாப்பிரிக்கப் படை எல்லை கடந்து வந்து 12 பேரைக் கொன்றது. ஓவியர் தாமி ம்ன்யேலே அவர்களில் ஒருவர்.

வெறும் வெள்ளைத் தாளைக்கூடக் கலை என்று சொல்லலாமா?

2022 நவம்பரில் உரும்ச்சி நகரில் அடுக்குமாடித் தீ விபத்தில் பத்துப் பேர் இறந்த பிறகு, கோவிட் முடக்கத்தின் மேல் கோபம் கொண்டு சீன நகரங்களில் இளைஞர்கள் ஒன்றும் எழுதாத ஏ4 தாளை உயர்த்திப் பிடித்தார்கள். எழுத முடியாததை எல்லோருமே படித்தார்கள். பெயர் என்ன வைத்தாலும் சரி.

ஓவியங்கள் மேல் சூப் ஊற்றுவது நியாயமா?

இதில் என் மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1914 மார்ச்சில் பெண்கள் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன், தலைவி எம்மலின் பங்க்ஹர்ஸ்ட் கைதானதைக் கண்டித்து, லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் வெலாஸ்கெஸ் வரைந்த வீனஸ் படத்தைக் கத்தியால் கிழித்தார். 2022 அக்டோபரில் அதே கலைக்கூடத்தில் காலநிலைப் போராளிகளான இரு இளம்பெண்கள் வான்கோவின் சூரியகாந்திகள் மேல் தக்காளி சூப் வீசினார்கள். கண்ணாடி இருந்ததால் ஓவியம் தப்பியது, சட்டகம் கெட்டது. 2024இல் இருவருக்கும் சிறை. படத்துக்கும் கோரிக்கைக்கும் நேர்த் தொடர்பு இருக்கும்போது செய்தி போய்ச் சேருகிறது என்று கோல்டின் காட்டினார். தொடர்பு இல்லாதபோது மக்கள் சூப்பைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள், எரியும் பூமியைப் பற்றிப் பேசுவதில்லை. அதற்காக, காயமே படாத ஓவியத்துக்கு ஆண்டுக்கணக்கில் சிறை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஒரு சுவரொட்டி செய்ய விரும்புகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

1968 மே மாதம் பாரிஸில் மாணவர்கள் கைப்பற்றிய நுண்கலைப் பள்ளியின் அச்சுக்கூடத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். பெரும்பாலும் ஒரே நிறம், பட்டுத்திரை அச்சு, வரைந்தவர் பெயர் கிடையாது. எதை அச்சடிப்பது என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்குப் புரியவில்லை என்றால் அது புத்தகத்தில் போட வேண்டிய படம்.

இன்னொருவர் எடுத்த புகைப்படத்தை வைத்து வரைந்தால் அனுமதி கேளுங்கள். 2008 அமெரிக்கத் தேர்தலில் ஒபாமாவின் முகத்தோடு புகழ் பெற்ற சுவரொட்டியே ஒரு செய்தி நிறுவனத்தின் படத்திலிருந்து வந்தது, வழக்காகி 2011இல் சமரசத்தில் முடிந்தது. அதைவிட முக்கியம், படத்தில் இருப்பவரின் சம்மதம். பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் போட்டுவிட்டு நாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அவர் அங்கேயேதான் வாழ வேண்டும்.

சந்தை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறதே?

விழுங்குகிறது. 1960 மார்ச்சில் ஹவானாவில் ஆல்பர்ட்டோ கோர்டா எடுத்த சே குவேராவின் படம் பனியன் முதல் குவளை வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. கோர்டா பல ஆண்டுகள் அதற்குக் காசு கேட்கவில்லை. ஆனால் 2000இல் ஒரு மது விளம்பரத்தில் வந்தபோது வழக்குப் போட்டார். கிடைத்த 50,000 டாலரைக் கியூபாவின் மருத்துவத்துக்குக் கொடுத்துவிட்டார்.

போராட்டம் ஓய்ந்த பிறகு இந்தப் படைப்புகள் எங்கே போகின்றன?

கெர்னிகா, ஸ்பெயினில் மக்களாட்சி திரும்பும்வரை அங்கே வரக்கூடாது என்று பிக்காசோ சொல்லியிருந்தார். அவரும் ஃபிராங்கோவும் இறந்து, 1981இல்தான் ஊர் திரும்பியது. இப்போது மாட்ரிட்டில் இருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் சிலை வைத்தார்கள், அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து. 2020 ஜூனில் மக்கள் அதைக் கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் தள்ளினார்கள். நகராட்சி அதை நீரிலிருந்து எடுத்தது, ஆனால் பீடத்தில் ஏற்றவில்லை. அருங்காட்சியகத்தில், மேலே தெளித்த சிவப்பு நீலச் சாயத்தைக் கழுவாமல், நிற்க வைக்காமல், படுத்த நிலையில் காட்சிக்கு வைத்தார்கள்.

சித்தப்ரசாத்தின் பஞ்ச நூலில் ஒரு பிரதி எரியாமல் அவருடைய குடும்பத்தாரிடம் தப்பியிருந்தது. 2011இல் அதிலிருந்து மறுபதிப்பு வந்தது. அவர் எழுதி வைத்த ஊர்ப் பெயர்களை இன்றும் அதில் ஒவ்வொன்றாகப் படிக்கலாம்.